இஞ்சின் கெட்டுப்போகல, பார்ட்ஸ்தான் வரல: குமரி மாவட்டத்துல ஒரு சீன பைக்கும் ஒரு நிஞ்சா 300-ம்

தக்கலை பக்கம் நம்ம வர்க்ஷாப்புக்கு வாற ரெண்டு வண்டிய பத்தின ஆய்வு இது. ரெண்டும் 300 சிசி வகுப்பு, ரெண்டும் லிக்விட் கூல்டு, ரெண்டையும் பல வருஷமா ஒரே கை தான் பாக்குது. ஒண்ணு சீன கம்பெனி வண்டி, கருங்கல் பக்கத்துல ஒரு பையன், கல்ஃப்ல சம்பாதிச்ச காசுல எடுத்தான். இன்னொண்ணு கவாசாகி நிஞ்சா 300, குளச்சல்ல கடலுக்கு கூப்பிடு தூரத்துல வீடு உள்ள ஒரு தம்பி வச்சிருக்கான். சீன வண்டிக்க பேர நான் இங்க சொல்லல, ஏன்னா எனக்கு சொல்ல உள்ள விஷயம் அந்த ஒரு பிராண்டோட நிக்கிறது இல்ல.

வாரத்துக்கு ஒருத்தனாவது வந்து கேக்கான், "அண்ணே, சைனா வண்டி எடுக்கலாமா, இல்ல ஜப்பான் தானா"ன்னு. சும்மா "சைனா மால் வேண்டாம் மக்கா"ன்னு சொல்லி அனுப்பிரது எளுப்பம். ஆனா அது நேர்மையான பதில் இல்ல.

வாங்கும்போது சீன வண்டிக்க பக்கம் நியாயம் இருந்துச்சு, அத மறைக்கக் கூடாது. கலர் டிஎஃப்டி டிஸ்ப்ளே (ஃபோன் ஸ்க்ரீன் மாதிரி மீட்டர்), தலைகீழ் ஃபோர்க் (தடிச்ச குழாய் மேல இருக்கிற முன் ஷாக்), எல்இடி லைட்டு, ரெண்டு வீல்லயும் ஏபிஎஸ், ஸ்லிப்பர் கிளட்ச் (சட்டுனு கியர் குறைச்சாலும் பின் வீல் பூட்டாம பாத்துக்கிறது) எல்லாம் சேத்து தந்துட்டு விலை மட்டும் நிஞ்சாவ விட நல்லா குறைவு. நிஞ்சா 300 அந்த பிஎஸ்6 (புகை கட்டுப்பாட்டு விதி) நேரத்துல, 2021-ல, 3.18 லட்சம் ஷோரூம் விலை, அதுல டிஎஃப்டியும் கிடையாது, தலைகீழ் ஃபோர்க்கும் கிடையாது, ஊசி உள்ள பழைய மீட்டர் தான். ஒரு இருபத்தஞ்சு வயசு பையன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா எதுல கை வைப்பான்னு நான் சொல்லாண்டாம்.

முதல் ரெண்டு வருஷம் அந்த சீன வண்டில ஒரு குத்தமும் சொல்ல இல்ல. நாகர்கோவில்ல இருந்து முப்பந்தல் காத்தாலை பக்கம் போற ரோட்டுல, ஆரல்வாய்மொழி கணவாயில அடிக்கிற சைடு காத்துல கூட வண்டி ஆடாம போச்சு. பேச்சிப்பாறை ஏத்தம், மார்த்தாண்டம் டிராஃபிக், திருவனந்தபுரம் வரைக்கும் உள்ள அந்த நெருக்கடி ரோடு, எல்லாத்துலயும் ஹீட்டு ஏறாம ஓடுச்சு. நான் ஓட்டிப் பாத்து சொல்றேன், மிட் ரேஞ்ச்ல (நடுத்தர இஞ்சின் வேகத்துல) இழுவை நிஞ்சாவ விட அந்த வண்டிக்கு தான் நல்லா இருந்துச்சு, நிஞ்சா 296 சிசி ட்வின் (ரெண்டு சிலிண்டர்), 39 பிஎஸ் உண்டு ஆனா அந்த பவர் முழுசும் 11,000 ஆர்பிஎம்ல போயி தான் இருக்கு, நம்ம ஊரு வளைவுலயும் ஸ்பீடு பிரேக்கர்லயும் அத யாரு தொட முடியும்.

பிரச்சினை ஆரம்பிச்சது மூணாவது வருஷம், இடவப்பாதி மழை (தென்மேற்கு பருவமழை) ஆரம்பிச்ச சமயம்.

ராத்திரி ஃபோன் வந்துச்சு, "அண்ணே, வண்டி திங்கள்சந்தையில நின்னுட்டு, டிஸ்ப்ளே மினுங்கி மினுங்கி அணைஞ்சு போச்சு". மறுநாள் டாட்டா ஏஸ்ல ஏத்தி கொண்டு வந்தான். பேட்டரிய சார்ஜ் போட்டு ஸ்டார்ட் பண்ணி மீட்டர் வச்சு பாத்தேன். நல்ல வண்டில இஞ்சின 5,000 ஆர்பிஎம்ல புடிச்சா பேட்டரி முனையில பதினாலு வோல்ட் பக்கத்துல காட்டணும், இதுல 12.1 காட்டிட்டு ரேஸ் கொடுக்க கொடுக்க இறங்குது. அப்போ வண்டி சார்ஜ் ஆவல, பேட்டரிய தின்னுட்டு ஓடுது. சார்ஜ் ஆவலன்னா சந்தேகம் ரெண்டு இடத்துல தான், ஒண்ணு இஞ்சின் சுத்தும்போது கரண்ட் உண்டாக்குற ஸ்டேட்டர் காயில், இன்னொண்ணு அந்த ஏசி கரண்ட டிசியாக்கி வோல்டேஜ மட்டுப்படுத்துற ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். ஸ்டேட்டர்ல இருந்து வாற மூணு மஞ்ச ஒயரையும் கழட்டி சோடி சோடியா ஏசி வோல்டேஜ் பாத்தேன், மூணு சோடியும் ஒரே அளவு, அப்போ காயில் நல்லா இருக்கு.

ரெகுலேட்டருக்கு போற கப்ளர, அதாவது ஒயர சேக்குற பிளாஸ்டிக் இணைப்ப, இழுத்தா வரல. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பி எடுத்தா உள்ள பிளாஸ்டிக் பாதி உருகி தவிட்டு நிறத்துல இருக்கு, பின்னுக்க மேல பச்சப் பொடி படிஞ்சு கிடக்கு. செம்புல உப்புக்காத்து பட்டு வாற களிம்பு தான் அது. அந்த கப்ளர்ல தண்ணி போகாம தடுக்க ரப்பர் சீல் கிடையாது, உள்ள கிரீஸும் கிடையாது. உப்பு ஈரம் உள்ள போயி களிம்பு புடிச்சுது, களிம்பு புடிச்சதும் ரெசிஸ்டன்ஸ் கூடிச்சு, ரெசிஸ்டன்ஸ் கூடுனா அந்த இடம் சூடாவும், சூடான இடம் பிளாஸ்டிக்க உருக்கும், கடைசில ரெகுலேட்டரும் சேந்து போச்சு. ஆக போனது உலகத்துல உள்ள எந்த வண்டிலயும் போகக்கூடிய ஒரு சாமான். ஆனா போன காரணம், கம்பெனி ஒரு கப்ளர்ல கொஞ்ச ரூவா மிச்சம் புடிச்சது.

அதே வாரம் குளச்சல் நிஞ்சாவும் சர்வீஸுக்கு நின்னுச்சு, ஒப்பு பாக்கலாம்னு அதுக்க கப்ளரையும் கழட்டினேன். ரப்பர் சீல் இருக்கு, பின்னு பளபளன்னு இருக்கு. ரெண்டு வீட்டுல இந்த வீடு தான் கடலுக்கு இன்னும் கிட்ட. போல்டும் அப்படி தான், சீன வண்டில எக்ஸாஸ்ட் போல்டு, ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், ரேடியேட்டர் கிளாம்பு எல்லாம் துரு ஏறி கிடந்துச்சு, நிஞ்சால அங்கங்க ஒரு புள்ளி போல தான். ஷோரூம் விளக்குக்கு கீழ நின்னு பாத்தா இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ரெண்டு மழைக்காலமும் பெய்யிற, வருஷம் பூரா உப்புக்காத்து அடிக்கிற நம்ம மாவட்டத்துல மூணு வருஷம் கழிச்சு தான் தெரியும்.

சரி, சாமான் போச்சு, மாத்திட்டா முடிஞ்சது தானே. அங்க தான் விஷயம் கிடக்கு. வண்டி எடுத்த டீலர் அதுக்குள்ள கடைய பூட்டிட்டார். அடுத்த டீலர் வேற மாநிலம். அங்க கூப்பிட்டா பார்ட் நம்பர் அனுப்புங்கன்னாங்க, அனுப்பினோம், அட்வான்ஸ் போடுங்கன்னாங்க, போட்டோம், அப்புறம் "கன்டெய்னர் வரணும்". மாசம் ஒண்ணு போச்சு, ரெண்டும் போச்சு. பையன் வேலைக்கு போறதுக்கு அவனுக்க அப்பாவுக்க பழைய ஸ்ப்ளெண்டர எடுத்துட்டு போறான், இங்க வர்க்ஷாப்புல தார்ப்பாய மூடி மூணு லட்சத்துக்கு கிட்ட விலையுள்ள வண்டி நிக்குது, இஎம்ஐ மாசாமாசம் தேதி தவறாம போவுது. அந்த பையன் என்கிட்ட கோவப்படல, ஆனா வந்து வண்டிய பாத்துட்டு ஒண்ணும் பேசாம போவான், அது எனக்கு ரொம்ப சங்கடமா இருந்துச்சு.

கடைசில நான் தான் ஒரு வழி பண்ணேன். ஜப்பான் ஷிண்டெங்கன் கம்பெனி மாஸ்ஃபெட் டைப் ரெகுலேட்டர் பண்ணுது, நெறைய ஜப்பான் பைக்குல அது கம்பெனிலயே வரும், பழைய எஸ்சிஆர் (தைரிஸ்டர்) டைப்ப விட சூடு குறைவு. அதுல ஒண்ணு வாங்கி, தடிமனான ஒயர் போட்டு, சீல் உள்ள கப்ளர் மாட்டி, காத்து படுற இடத்துல பிராக்கெட் அடிச்சு வச்சேன். அதுக்கப்புறம் அந்த பிரச்சினை இன்னைக்கு வரைக்கும் வரல. கம்பெனி பார்ட் பின்னாடி வந்து சேந்துச்சு, அட்டப்பெட்டியோட அப்படியே ஷெல்ஃப்ல இருக்கு.

அடுத்தது ஆக்சிடென்ட். பார்வதிபுரம் பக்கம் ஒரு ஆட்டோ திடீர்னு திரும்பினதுல வண்டி சாஞ்சு, பையனுக்கு முட்டில சிராய்ப்போட போச்சு, வண்டிக்கு ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் ஹேண்டில் லிவரும் போச்சு. இன்சூரன்ஸ் இருக்கு, பம்பர் டு பம்பர். ஆனா சேதத்த மதிப்பிட வாற சர்வேயர் கேக்கது எஸ்டிமேட், அதாவது கம்பெனி டீலர் தாற பார்ட்ஸ் விலை பட்டியல். டீலரே இல்லாத ஊருல யாரு எஸ்டிமேட் தருவா? பார்ட்டுக்கு இப்போ விலை போட முடியாது, ஸ்டாக் வந்த பிறகு சொல்றோம்னு பதில் வந்துச்சு, எஸ்டிமேட் இல்லாம கிளெய்ம் நகரல. இத யாரும் வாங்கும்போது யோசிக்கிறதே இல்ல, பார்ட்ஸ் கிடைக்கலன்னா இன்சூரன்ஸ் இருந்தும் உபயோகம் இல்ல. கடைசில ரேடியேட்டர கோட்டாறுல அலுமினியம் வெல்டிங் பண்ற ஒரு அண்ணாச்சிகிட்ட கொடுத்து அடைச்சோம், நல்ல வேலைக்காரர். எல்இடி ஹெட்லைட்டு ஒரே கட்டையா வாற சாதனம், பல்பு மாத்துற மாதிரி இல்ல, அதுக்கு மட்டும் மறுபடியும் மாசக்கணக்கா காத்திருந்தோம். நிஞ்சாவுக்க கணக்குலயும் ஒரு சாஞ்ச கேஸ் உண்டு, பார்ட்ஸ் விலை சொன்னப்போ தம்பிக்கு முகம் வாடிச்சு, உண்மையிலேயே விலை கூடுதல் தான், ஆனா ஆர்டர் போட்டு கொஞ்ச நாள்ல கைக்கு வந்துச்சு, கிளெய்மும் பாஸ் ஆச்சு.

இப்போ இஞ்சின். சீன வண்டி 30,000 கிலோமீட்டர் தாண்டின சமயம் வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கு மேல உள்ள சின்ன இடைவெளி) பாக்க ஹெட் கவர கழட்டினேன். வால்வ தள்ளுற கேம் லோப்ல ஒரு கீறல் இல்ல. செயின் கைடு தேய்மானம் கணக்குக்குள்ள. கம்ப்ரஷன் நல்லா இருந்துச்சு, ஆயில் குடிக்கிறது இல்ல. வால்வ் கிளியரன்ஸ்ல ஒரு எக்ஸாஸ்ட் மட்டும் லேசா இறுகியிருந்துச்சு, ஷிம் (இடைவெளிய சரி பண்ற தகடு) மாத்தினேன். நிஞ்சாவையும் இதே அளவு கிலோமீட்டர்ல கழட்டி பாத்திருக்கேன், ரெண்டையும் பக்கத்துல வச்சா எது சீனா எது ஜப்பான்னு உள்ள பாத்து சொல்ல முடியாது. முப்பதாயிரத்துல இப்படி, எண்பதாயிரத்துல எப்படி இருக்கும்ங்கிறத அந்த வண்டி ஓடித்தான் காட்டணும். ஆனா "சைனா இஞ்சின் சட்டுனு போயிரும்"னு சொல்றவங்க பழைய கதைய தான் சொல்லிட்டு இருக்காங்க.

அந்த பழைய கதையில உண்மை இருந்துச்சு, அதையும் சொல்லணும். சீனாவுல சோங்சிங்னு ஒரு ஊரு, பைக் கம்பெனிகளுக்க தலைநகரம், லிஃபான், லோன்சின், சோங்ஷென் எல்லாம் அங்க உள்ளது தான். ஹோண்டா 1970-கள்ல கொண்டு வந்த சிஜி125 புஷ்ராட் இஞ்சின காப்பி அடிச்சு தான் அங்க நெறைய பேரு வளந்தாங்க. 2000 சமயத்துல வியட்நாம்ல இந்த கம்பெனிகள் ஹோண்டா ட்ரீம் வண்டிய அச்சு அசலா செஞ்சு மூணுல ஒரு பங்கு விலைக்கு கொண்டு போயி கொட்டினாங்க, மார்க்கெட்டுல பெரும்பகுதி அவங்க கைக்கு போச்சு. ஹோண்டா என்ன பண்ணுச்சு? 2001-ல சீனாவுல தன்ன காப்பி அடிச்சிட்டு இருந்த ஒரு கம்பெனியோடயே கூட்டு சேந்து சன்டிரோ ஹோண்டான்னு ஆரம்பிச்சுது, 2002-ல வியட்நாம்ல வேவ் ஆல்ஃபான்னு பழைய ஹோண்டா விலையில பாதிக்கும் கீழ ஒரு வண்டி விட்டுச்சு. அதே வருஷம் வியட்நாம் அரசாங்கமும் பார்ட்ஸ் இறக்குமதிக்கு கோட்டா போட்டுச்சு. அதுக்குள்ள சீன வண்டிக்க தரமும் ஜனங்களுக்கு தெரிஞ்சு போச்சு, மறுபடியும் ஹோண்டாவுக்கு தான் போனாங்க. சர்வீஸும் ஸ்பேரும் ஹோண்டாவ காப்பாத்துச்சு.

இப்போ நெலம வேற. பிஎம்டபிள்யூவுக்கு இஞ்சின் செஞ்சு கொடுக்குறது லோன்சின். கேடிஎம் 790 பின்னாடி சீனாவுல, சிஎஃப்மோட்டோங்கிற சீன கம்பெனிக்க கூட்டு ஃபேக்டரில செய்யப்பட்டுச்சு. 2023 டக்கார் ரேலில (பாலைவனத்துல ரெண்டு வாரம் நடக்கிற பந்தயம்) கோவ்ங்கிற சீன கம்பெனி மூணு வண்டி இறக்கிச்சு, மூணும் முடிச்சு வந்துச்சு, டக்கார்ல முடிக்கிறதே பெரிய காரியம். 2024 மோட்டோ3 (சின்ன இஞ்சின் பைக்குக்கு உள்ள உலக ரேஸ்) சாம்பியன் டேவிட் அலோன்சோ ஓட்டினது சிஎஃப்மோட்டோ பேரு உள்ள வண்டி, ஆனா அதுக்கு உள்ள இருந்தது கேடிஎம், அதனால அத பெருமையா காட்டுறவங்க பேச்ச நான் அப்படியே எடுத்துக்கிறது இல்ல.

இந்த பக்கமும் பாக்கணும். சுசூகி இனாசுமா 250 நெனப்பிருக்கா? 2014-ல இங்க வந்துச்சு, ஜப்பான் பேரு, ஆனா சீனாவுல சாங்ஜோ ஃபேக்டரில செஞ்சது. சீனாவுல செஞ்சதால அது மோசமான வண்டியா இருக்கல, இஞ்சின் ரொம்ப மென்மையான இஞ்சின், விலை கூடிப்போனதால தான் இங்க ஓடல. அதே மாதிரி நம்ம ரோட்டுல "ஜப்பான் வண்டி"ன்னு நாம சொல்ற யமஹாவும் ஹோண்டாவும் ஜப்பான்ல இருந்து கப்பல்ல வரல, யமஹா சென்னை பக்கத்துலயும் சூரஜ்பூர்லயும், ஹோண்டா மானேசர்லயும் நரசாபுராவுலயும் செய்யிறது. நிஞ்சா 300-ஐயே எடுத்துக்கோங்க, 2013-ல வந்தப்போ 3.5 லட்சம் விலை, 2018-ல நெறைய பார்ட்ஸ இந்தியாவுலயே செய்ய ஆரம்பிச்சு 2.98 லட்சத்துக்கு இறக்கினாங்க. அந்த ஒரு முடிவு தான் இன்னைக்கு குளச்சல் தம்பிக்கு கைகொடுக்குது. ஒரு சாமான் இங்க செய்யப்பட்டா அது கன்டெய்னருக்கு காத்திருக்காண்டாம்.

ஆக, எனக்கு இந்த ரெண்டு வண்டில இருந்து தெரிஞ்சது இது தான். வண்டி எந்த நாட்டுதுங்கிறது பெருசு இல்ல, அந்த வண்டிக்கு இங்க பொறுப்பு யாருங்கிறது தான் பெருசு. ஜப்பான் கம்பெனிக்கு இங்க சொந்த ஃபேக்டரி உண்டு, சொந்த காசு போட்டிருக்கான், ஓடிப்போக முடியாது. சீன பிராண்டு பெரும்பாலும் இறக்குமதி பண்ற ஒரு குரூப்ப நம்பி தான் வருது, அந்த குரூப்புக்கு நஷ்டம் வந்தா வண்டி எடுத்தவனுக்கு போக்கிடம் இல்ல. பெனெல்லி கதை எல்லாருக்கும் தெரியும், 1911-ல இத்தாலில ஆரம்பிச்ச பேரு, 2005-ல இருந்து சீன கியான்ஜியாங் கம்பெனி கையில, இங்க 2015-ல புனே குரூப் ஒண்ணு கொண்டு வந்துச்சு, 2018-ல அது நின்னு ஹைதராபாத் குரூப் ஒண்ணு எடுத்து நடத்துச்சு, நடுவுல வண்டி வச்சிருந்தவங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல. சிஎஃப்மோட்டோவும் 2019-ல நாலு மாடலோட ஆர்ப்பாட்டமா வந்துட்டு அப்புறம் சத்தமே இல்லாம போச்சு. இதுக்கு மேல 2020 ஏப்ரல்ல அரசாங்கம் எல்லை தொடுற நாடுகள்ல இருந்து வாற முதலீட்டுக்கு முன் அனுமதி கட்டாயம்னு விதி போட்டுச்சு, அதனால சீன கம்பெனி நேரடியா இங்க ஃபேக்டரி போடுறது லேசு இல்ல. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40, அதனால 400, 500 சிசி சீன வண்டிக்க "விலை குறைவு"ங்கிற வாதமும் பாதி போச்சு.

யமஹா ஆர்எக்ஸ் 100 நிறுத்தினது 1996-ல. இன்னைக்கும் வடசேரில நடந்து போயி அதுக்கு பிஸ்டன் கேட்டா கிடைக்கும், கிளட்ச் பிளேட் கேட்டா கிடைக்கும். சாகவிடாத வண்டின்னா அது தான். நிறுத்தி முப்பது வருஷத்துக்கு கிட்ட ஆன வண்டிக்கு சாமான் இருக்கு, அஞ்சு வருஷம் ஆன வண்டிக்கு இல்லன்னா எப்படிப்பா சகிக்கிறது.

காசு கணக்கு. வாங்கும்போது சீன வண்டில அந்த பையனுக்கு எழுபது எண்பதாயிரம் மிச்சம் ஆச்சுன்னு வச்சுக்குங்க. போன வருஷம் விக்கலாம்னு நாகர்கோவில்ல கன்சல்டிங் கடைகள்ல (பழைய வண்டி வாங்கி விக்கிற கடை) காட்டினான். ரெண்டு பேரு விலையே சொல்லல, "நாங்க எடுத்தா யாருக்கு விக்க"ன்னு கேட்டாங்க. மூணாவது ஆளு சொன்ன விலை வாங்கினதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. நிஞ்சாவுக்கு அதே கடைக்காரர் அறுபது சதவீதத்துக்கு மேல தரேன்னு தானா ஃபோன் பண்ணார். வாங்கும்போது மிச்சம் புடிச்சத விக்கும்போது ரெட்டிப்பா விட்டாச்சு, நடுவுல வண்டி நின்ன மாசங்களுக்கு யாரும் கணக்கு எழுதல. பையன் விக்கல, இப்போ நானே முன்னெச்சரிக்கையா அந்த வண்டில உள்ள எல்லா கப்ளரையும் கழட்டி களிம்பு எடுத்து ஈரம் ஏறாம தடுக்குற டைஎலக்ட்ரிக் கிரீஸ் அடிச்சு, முடிஞ்ச இடத்துல சீல் உள்ளது மாட்டி கொடுத்திருக்கேன், பிரேக் பேடும் ஆயில் ஃபில்டரும் அளவு ஒப்பு பாத்து வேற வண்டிக்கு உள்ளத போடுறோம். ஓடுது. நல்லாவே ஓடுது.

புதுசா எடுக்கப் போறவங்களுக்கு: டீலர்கிட்ட மைலேஜும் டாப் ஸ்பீடும் கேக்காண்டாம். ஹெட்லைட் அசெம்பிளி, கிளட்ச் கேபிள், ரெகுலேட்டர், ரேடியேட்டர், இந்த நாலு சாமானும் இப்போ ஸ்டாக்ல இருக்கா, எடுத்து காட்டுங்கன்னு சொல்லுங்க. காட்டினா உக்காந்து பேசலாம். "ஆர்டர் போட்டா வரும்"னா எந்திச்சு வந்திருங்க, வண்டி சீனாவா இருந்தாலும் சரி ஜப்பான் இறக்குமதியா இருந்தாலும் சரி.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கிறவங்களுக்கு வேற கணக்கு. நஷ்டம் முழுசும் முதல் ஆளு தலையில போயிருச்சு, இஞ்சின் நல்லா இருக்கும், ஒரு லட்சத்துக்கு கீழ 300 சிசி வண்டி கைக்கு வரும். வீட்டுல வேலைக்கு போக இன்னொரு வண்டி இருக்கு, மல்டி மீட்டர் புடிக்கத் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துல இருக்கார்னா எடுங்க, தைரியமா எடுங்க. எடுக்க முன்ன சீட்ட கழட்டி ரெகுலேட்டர் கப்ளர மட்டும் ஒருக்கா இழுத்து பாருங்க, பச்சையா இருந்தா விலையில இன்னும் பத்தாயிரம் குறைச்சு கேளுங்க.